சர்க்கரை தூக்கலான பால்

மேட்டூர் அனல்மின் நிலையத்தில் போர்மேனாக இருந்து ஓய்வுபெற்று வந்த நவநீதகிருஷ்ணனுக்கு, வீட்டில் தான் செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துபோயிற்று.

கல்யாணமான நாளிலிருந்து அவர் மேட்டூர் குவார்ட்டர்ஸிலும், மனைவி சாரதாமணி வெண்ணந்தூருக்குப் பக்கத்தில் தோட்டத்து வீட்டிலுமாகத்தான் குடித்தனம் நடந்தது. சனிக்கிழமை சாயங்காலம் வருவார், ஞாயிறு கறிச்சோறு சாப்பிடுவார், திங்கள் விடியுமுன் பஸ் ஏறிவிடுவார். அவர் இப்படி வந்துபோய்க்கொண்டிருந்த காலத்தில் சாரதாமணி ஒரு கோழிப்பண்ணை போட்டாள். ஒரு ஷெட்டை மூன்றாக்கினாள். மகள் மதுமதியைப் படிக்கவைத்துக் கோயம்புத்தூருக்கு வேலைக்கு அனுப்பினாள். படுத்த படுக்கையாகிவிட்ட மாமியார் கண்ணாத்தாளைக் கடைசி நாள்வரை குளிப்பாட்டி, சோறூட்டிப் பார்த்துக்கொண்டாள். பணிநிறைவு மாலையோடு நவநீதகிருஷ்ணன் வந்து இறங்கியபோது, அந்த வீடு அவரில்லாமல் ஓடுவதற்கு நன்றாகப் பழகியிருந்தது.

சும்மா இருக்கவும் அவரால் முடியவில்லை. பாய்லர் பிரிவில் தன்னுடைய பெர்மிட் இல்லாமல் ஒருத்தனும் ஒரு வால்வைத் தொட்டதில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிப் பார்த்தார். முட்டை லாரிக்காரர்கள் மரியாதையாகக் கேட்டுவிட்டு முட்டை ஏற்றப் போய்விட்டார்கள். பிறகு ஷெட்டுகளைச் சுற்றிவந்து குறை கண்டுபிடிக்க ஆரம்பித்தார். சுவிட்சு பெட்டிக்கு மூடியில்லை; தண்ணீர்த் தொட்டி வால்வுக்கு நம்பர் இல்லை. ஒருநாள் ராசிபுரம் போய் மஞ்சள் நிறப் பலகைகள் எழுதி வாங்கி வந்தார். தீவனம் அரைக்கும் அறை வாசலில் 'தலைக்கவசம் அணிக' என்று ஒரு பலகை ஏறியது.

சாரதாமணி அதைக் கொஞ்ச நேரம் நின்று படித்தாள்.

"ஏனுங்க, கோழிக்குமா ஹெல்மெட்டு?" என்றாள்.

பலகை அன்றே இறங்கியது. வேறு வேலை தேடிக்கொண்டிருந்த நவநீதகிருஷ்ணனின் கண்ணில் பட்டதுதான் மனைவியின் தூக்கம்.

சாரதாமணி சரியாகத் தூங்குவதில்லை. நடுராத்திரியில் எழுந்து கூடத்தில் போய்ப் படுத்துக்கொள்கிறாள். பகலில் கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடக்கிறது. முட்டை அட்டைகளை அடுக்கும்போதே கொட்டாவி விடுகிறாள். இதையெல்லாம் கவனித்த நவநீதகிருஷ்ணனுக்கு, நின்றுபோன இயந்திரம் ஒன்று தன்னிடம் ஒப்படைக்கப்பட்டதுபோல ஓர் உற்சாகம் வந்தது. செல்போனில் தூக்கத்தைப் பற்றிய வீடியோக்களைப் பார்க்கத் தொடங்கினார். ஒன்றைப் பார்த்தால் போன் இன்னும் பத்தைக் காட்டியது. சிரித்த முகத்தோடு ஒரு மனிதர் இங்கிலீஷ் மருந்தெல்லாம் விஷம் என்றார். அடுத்த வீடியோவில் தன் கம்பெனியின் குப்பியைத் தூக்கிக் காட்டினார்.

"சாரதா, தூக்கத்துக்கு இயற்கையாவே நல்ல மாத்திரையெல்லாம் இருக்குதாமா. வரவழைக்கட்டுமா?"

"எனக்கொண்ணும் வேணாமுங்க. தூக்கம் தானா வரும். நீங்க உங்க சோலியப் பாருங்க."

பார்ப்பதற்குத்தான் சோலி இல்லையே.

சாரதாமணி மாத்திரை வேண்டாம் என்று சொன்னதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. இரண்டையும் அவள் கணவனிடம் சொல்லவில்லை. ஒன்று, தூக்கம் ஏன் கெட்டது என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். இன்னொன்று, அவள் ஏற்கெனவே ஒரு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அது மாமியார் கண்ணாத்தாள் இறந்த பிறகு தொடங்கியது. கருமாதி முடிந்து ஒறம்பறைச் சொந்தமெல்லாம் கலைந்ததும், இனிமேலாவது சாரதாமணிக்கு ஓய்வு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அந்த ஓய்வைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கிழவியைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டிய நேரமானால் கை தானாகப் பரபரத்தது. வெங்காயம் நறுக்கும்போது வந்த கண்ணீர் வெங்காயம் தீர்ந்த பிறகும் நிற்கவில்லை. ஷெட்டுக்குள் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் கோழிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தாள். விடுமுறைக்கு வந்திருந்த மதுமதி இதைப் பார்த்துவிட்டு, கண் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டு அம்மாவைச் சேலத்துக்கு அழைத்துப்போய் மைதிலி என்ற மனநல மருத்துவரிடம் காட்டினாள்.

"கண்ணு டாக்டர்கிட்டப் போனீங்களாமா? என்ன சொன்னாங்க?" என்று மேட்டூரிலிருந்து நவநீதகிருஷ்ணன் போனில் கேட்டார்.

"தூசியாமா" என்றாள் சாரதாமணி.

மைதிலி டாக்டர் கொடுத்த மாத்திரை உடனே வேலை செய்யவில்லை. சில வாரங்கள் ஆயின. எடை குறைவாகத் தீவனம் இறக்க வந்த வியாபாரியை ஒருநாள் சாரதாமணி வாய் நிறையத் திட்டினாள். திட்டி முடித்துத் திரும்பியபோதுதான், தான் பழையபடி ஆகிவிட்டோம் என்பது அவளுக்கே தெரிந்தது. இன்னும் கொஞ்ச காலம் சாப்பிட வேண்டும், நன்றாகிவிட்டதென்று தானாக நிறுத்திவிடக் கூடாது, வேறு எந்த மருந்து சேர்த்தாலும் சொல்லிவிட்டுச் சேர்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாரதாமணி மூன்றையும் மதித்தாள். கணவன் ஓய்வுபெற்று வரும் நாள் நெருங்கியபோது மாத்திரை அட்டையைப் படுக்கையறையிலிருந்து எடுத்து, பண்ணையில் கோழி மருந்து வைக்கும் அலமாரிக்கு மாற்றினாள். உனக்கென்ன குறைச்சல் என்று அவர் கேட்டுவிட்டால் என்ன பதில் சொல்வது என்பதுதான் பயம்.

ஒருநாள் இரவு அவள் அந்த அலமாரியைத் திறந்து மாத்திரையை வாயில் போடும்போது நவநீதகிருஷ்ணன் பார்த்துவிட்டார்.

"அது என்ன புள்ள?"

சாரதாமணிக்குச் சட்டென்று வாயில் வந்தது இதுதான்: "கோழி வைட்டமினுங்க. நல்ல சத்து."

நவநீதகிருஷ்ணன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கோழி வைட்டமினை மனிதர்கள் சாப்பிடலாமா என்று போனில் தேடினார். தெளிவான விடை கிடைக்கவில்லை. கோழி மருந்தையே கூசாமல் விழுங்குகிறவளுக்கு நல்ல மருந்து கொடுப்பதில் தவறேயில்லை என்ற முடிவுக்கு மட்டும் வந்துசேர்ந்தார்.

அடுத்த வாரம் கூரியரில் ஒரு குப்பி வந்தது. அதன்மேல் ஒரு வெள்ளைக்காரர் மேகத்தின்மீது குப்புறப்படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். உள்ளே தவிட்டு நிறப் பொடி அடைத்த கேப்ஸ்யூல்கள். நவநீதகிருஷ்ணன் ஒன்றைப் பிரித்துப் பொடியை நாக்கில் வைத்துப் பார்த்தார். கசந்தது. நாட்டுச் சர்க்கரையைத் தாராளமாகப் போட்டுப் பாலில் கலக்கினால் தெரியாது என்று கணக்குப் போட்டார்.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் அவர் டம்ளரோடு வந்து நின்றதைப் பார்த்த சாரதாமணிக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் விளங்கவில்லை.

"ஏனுங்க, நீங்களா காய்ச்சுனீங்க? அடுப்பப் பத்தவெக்கத் தெரியுமா உங்களுக்கு?"

"மேட்டூர்ல பாய்லரையே பத்தவெச்சவன்டி நான்."

பால் பாகு மாதிரி இனித்தது. அடியில் மண்டி வேறு. ஆனாலும் அவள் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். இத்தனை வருஷத்தில் கையில் டம்ளரோடு அவளுக்கு முன்னால் அந்த மனிதர் வந்து நின்றதில்லை. சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்று அந்த நேரத்தில் யாருக்குச் சொல்ல வாய்வரும்?

மறுநாள் மகளுக்குப் போன் போட்டாள். "உங்கொப்பன் எனக்குப் பால் கொண்டாந்து குடுக்கறாரு கண்ணு."

"அப்பாவா?" என்றாள் மதுமதி. "என்ன தப்புப் பண்ணுனாராம்?"

பால் தினமும் வந்தது. தூக்கம் மட்டும் வரவில்லை. ஒரு கேப்ஸ்யூல் போதவில்லை என்று நவநீதகிருஷ்ணன் இரண்டாக்கினார். அதற்கும் அவள் எழுந்து கூடத்துக்குப் போனாள். மூன்றாக்கினார். சர்க்கரையும் அதற்கேற்ப ஏறியது. தை மாதக் குளிரிலும் சாரதாமணிக்கு வேர்க்கத் தொடங்கியது. உட்கார்ந்தால் கால் தானாக ஆடியது. வயசுக் கோளாறு என்று அவள் நினைத்துக்கொண்டாள். மருந்து உடம்பில் பிடிக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அப்படியிருக்கும்போதுதான் ராசிபுரத்தில் அவள் தங்கை வசந்தாமணியின் மகள் மோனிஷாவுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. பெரியம்மா என்ற முறையில் சீர்த்தட்டை சாரதாமணிதான் எடுத்துக்கொண்டு போக வேண்டும். மண்டப வாசலில் இருந்து மேடை வரைக்கும் பெண்கள் வரிசையாக நடந்தார்கள். முன்னால் போன சாரதாமணியின் தட்டிலிருந்த தேங்காயும் குங்குமச் சிமிழும் கடகடவென்று அடித்துக்கொண்டன. மேளக்காரர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"பொண்ணு கல்லாட்ட நிக்கறா. பெரியம்மாளுக்கு இந்த நடுக்கம் நடுங்குது பாரு" என்று யாரோ சொல்ல, வரிசை முழுக்கச் சிரித்தது. சாரதாமணியும் சிரித்தாள். மேடையில் தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது ரவிக்கை முழுக்க நனைந்திருந்தது. நெஞ்சு தடதடவென்று அடித்தது. வயிறு கலக்கிக் கழிப்பறைக்கு ஓடினாள். திரும்பி வந்தவள் மறுபடி ஓடினாள். பந்தியில் உட்காரவைத்தால் முழங்கால் மேசையை முட்டி முட்டி டம்ளர் தண்ணீர் தளும்பியது.

"ஏனுங்க" என்றாள் கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு. "எனக்கு என்னமோ பண்ணுதுங்க. ஒடம்பு என்ற பேச்சக் கேக்கமாட்டேங்குது."

அந்தக் கையின் சூட்டையும் நடுக்கத்தையும் உணர்ந்த பிறகு நவநீதகிருஷ்ணனுக்குச் சாப்பாட்டு நினைவே இல்லை. காரை எடுத்துக்கொண்டு பக்கத்திலிருந்த தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அங்கே பணியில் இருந்தது சின்ன வயசுப் பெண் மருத்துவர். காய்ச்சல், ரத்த அழுத்தம், இதயத் துடிப்பு எல்லாவற்றையும் பார்த்தார். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். சின்னச் சுத்தியலால் முழங்காலில் லேசாகத் தட்டினார். சாரதாமணியின் கால் விருட்டென்று எழும்பி மருத்துவரின் மேசையை உதைத்தது.

"மன்னிச்சுக்கோங்க சாமி" என்றாள் சாரதாமணி.

"பரவால்லம்மா. என்னென்ன மருந்து சாப்பிடறீங்க?"

"ஒண்ணுமில்லீங்க" என்றார்கள் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே குரலில்.

மருத்துவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இது ஏதோ மருந்து ஒத்துக்காம வந்த மாதிரி இருக்கு. ஒளிச்சு வெச்சீங்கன்னா நான் இருட்டுல கல்லெறிய வேண்டியதுதான்."

நவநீதகிருஷ்ணன் தொண்டையைச் செருமினார். "வந்துங்க டாக்டர்... இவ கோழி வைட்டமின் சாப்பிடுவாளுங்க."

"கோழி வைட்டமினா?"

சாரதாமணி கண்ணை மூடிக்கொண்டாள். மருத்துவர் நவநீதகிருஷ்ணனைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார்.

கதவு மூடியதும் சாரதாமணி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மாத்திரையின் பெயர், மைதிலி டாக்டரின் பெயர், எவ்வளவு காலமாக, எந்த அளவு. மருத்துவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"அளவு எதும் சமீபத்துல கூட்டுனாங்களா?"

"இல்லீங்க. அதேதான்."

"அப்படின்னா இது மட்டும் இருந்து திடீர்னு இப்படி வராதேம்மா. புதுசா வேற என்ன சாப்பிடறீங்க?"

"புதுசா..." சாரதாமணி யோசித்தாள். "பால்தானுங்க. அவரு குடுப்பாரு. சர்க்கரை சாஸ்தியாப் போட்டு."

சொல்லி முடிக்கும்போதே அவளுக்கு அந்த அடிமண்டி ஞாபகம் வந்தது.

மருத்துவர் வெளியே போனார். சுவரில் மாட்டியிருந்த கைகழுவும் முறை பற்றிய படத்தை நவநீதகிருஷ்ணன் தீவிரமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"பால்ல என்ன கலந்தீங்க?" என்றார் மருத்துவர், வேறு முன்னுரை ஏதுமில்லாமல்.

நவநீதகிருஷ்ணனின் முகம் வெளுத்தது. பையிலிருந்து போனை எடுத்துக் குப்பியின் படத்தைக் காட்டினார். "தூக்கத்துக்குங்க. நூத்துக்கு நூறு இயற்கைப் பொருளுங்க டாக்டர்."

"ஊமத்தங்காயும் இயற்கைதாங்க. யாராவது பால்ல போட்டுக் குடிக்கறாங்களா?" என்று சொல்லிக்கொண்டே மருத்துவர் படத்தைப் பெரிதாக்கிப் பொடி எழுத்துகளைப் படித்தார். ஒரு ஆப்பிரிக்க விதையின் சாறு, ஒரு மஞ்சள் பூவின் சாறு. "தினம் எத்தனை?"

"ஒண்ணுல ஆரம்பிச்சு... இப்ப மூணுங்க."

மருத்துவர் உள்ளே வந்து சாரதாமணியின் பக்கத்தில் உட்கார்ந்தார். பாலில் இருந்தது என்ன என்று சொன்னார். "உங்க மாத்திரையப் பத்தி அவர்கிட்ட நான் ஒண்ணும் சொல்லல. சொல்றதா வேண்டாமாங்கறது உங்க இஷ்டம்."

கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. சாரதாமணி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். "வரச் சொல்லுங்க" என்றாள்.

நவநீதகிருஷ்ணன் வந்து கட்டில் ஓரத்தில் நின்றார். உட்காரத் துணியவில்லை.

"ஒக்காருங்க."

உட்கார்ந்தார்.

"மேட்டூர்ல உங்க பெர்மிட் இல்லாம எவனாவது வால்வத் தொட உடுவீங்களா?"

"உடமாட்டேன்."

"என்ற ஒடம்புக்கு யாருகிட்டப் பெர்மிட் வாங்குனீங்க?"

சாரதாமணிக்குக் கோபம் இன்னும் மிச்சமிருந்தது. "கோழிக்குத் தண்ணியில ஒரு மருந்து கலக்கறதுன்னாலும் டாக்டரக் கேட்டுட்டுத்தானுங்க நான் கலக்குவேன். ஒரு மருந்து போற நாள்ல இன்னொண்ணு போடமாட்டேன். ஒரு கோழிக்குக் குடுக்கற மரியாதை எனக்கில்லீங்களா?"

"தப்புதான் சாரதா" என்றார் அவர். குரல் எழும்பவில்லை. "நீ தூங்காமத் திரியறதப் பாத்து மனசு கேக்கல. கேட்டா வேணாங்கற. அதுக்குன்னு ஒளிச்சுக் குடுத்தது தப்புதான். உனக்கு ஒண்ணு ஆயிருந்துச்சுன்னா..."

அவர் கண் கலங்கியதைப் பார்த்ததும் சாரதாமணியின் கோபம் பாதியில் நின்றுவிட்டது. நியாயமாகத் திட்டவும் முடியாதபடி, அவளிடமும் ஒன்று ஒளிந்திருந்ததே.

"நானும் உங்கள ஏமாத்திருக்கறனுங்க. அது கோழி வைட்டமினில்ல. மனநல டாக்டரு குடுத்த மாத்திரை. ஒண்ணரை வருசமா சாப்பிடறேன்."

"எதுக்கு?"

"வெசனத்துக்கு."

"என்ன வெசனம்? யாரால?"

"யாராலயும் இல்லீங்க. அத்தை போனப்பறம் வந்துது. கையில வேலையில்லாமப் போச்சு. ஊடு முழுக்க வெறிச்சுன்னு ஆயிப்போச்சு. சோறு எறங்கல. எதுக்கு உசுரோட இருக்கறோம்னுகூட ஒருநா தோணுச்சு. நீங்க சனிக்கெழமை வருவீங்க. சிரிச்சுக்கிட்டே கறி ஆக்கிப் போட்டு அனுப்பிச்சு வெச்சேன்."

அந்தச் சனிக்கிழமைகளை நவநீதகிருஷ்ணன் மனதுக்குள் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். கறி நன்றாக இருந்தது மட்டுமே நினைவில் இருந்தது. இறந்தது அவரைப் பெற்றவள். ஆனால் கடைசி வருஷங்களில் அவள் ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் கூப்பிட்டது சாரதாமணியைத்தான். அழுதிருக்க வேண்டியவர் வேலைக்குப் போய்விட்டார். அவருக்கும் சேர்த்து அழுதவள் இவள்.

அவர் டிரிப்ஸ் ஏறாத கையைப் பிடித்துக்கொண்டார். "எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல" என்று கேட்கவந்து, கேட்காமலே விட்டுவிட்டார். அது அவர் செய்த புத்திசாலித்தனங்களில் ஒன்று.

மருத்துவர் திரும்பி வந்து இருவருக்கும் விளக்கினார். மூளையில் செரட்டோனின் என்று ஒன்று இருக்கிறது. சாரதாமணியின் மாத்திரை அதைக் கூட்டித்தான் மனச்சோர்வைக் குறைக்கிறது. அந்தக் கேப்ஸ்யூலில் இருக்கிற விதையும் பூவும் அதையேதான் கூட்டுகின்றன. இரண்டும் சேர்ந்து அளவு மீறியதால் வந்ததுதான் நடுக்கம், வேர்வை, வயிற்றுப்போக்கு எல்லாம். "நல்லவேளை, சீக்கிரம் வந்துட்டீங்க. காய்ச்சல் ஏறி, தசை இறுகி, நினைவு தப்பற அளவுக்குக்கூடப் போயிருக்கும். உசுருக்கே ஆபத்து."

நடுக்கம் அடங்க ஊசி போட்டு, ஒருநாள் அங்கேயே வைத்துப் பார்த்தார்கள். மறுநாள் சாரதாமணி காபி டம்ளரைத் தளும்பாமல் பிடித்தாள். நிறுத்திவைத்திருந்த மாத்திரையை எப்போது மறுபடி தொடங்குவது என்று மைதிலி டாக்டரிடம் போனில் கேட்டுச் சொன்னார்கள். வசந்தாமணி நிச்சயதார்த்த லட்டுப் பெட்டியோடு வந்து, "உன்னால மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க பயந்துட்டாங்கக்கா, குடும்பத்துல எல்லாருக்கும் கை ஆடுமான்னு கேக்கறாங்க" என்றாள். சாரதாமணி வயிறு குலுங்கச் சிரித்தாள்.

அடுத்த வாரம் இருவரும் சேலத்துக்குப் போனார்கள். நவநீதகிருஷ்ணன் ஒரு துணிப்பை நிறையக் குப்பிகள் கொண்டுவந்திருந்தார். மேகத்தில் தூங்கும் வெள்ளைக்காரர் தனியாக வரவில்லை. ஏழெட்டுக் கூட்டாளிகளோடு வந்திருந்தார். மைதிலி டாக்டர் ஒவ்வொன்றாக மேசையில் எடுத்து வைத்தார்.

"ஒரு மருந்துக்கடையே வெச்சிருக்கீங்க."

"இது ஜெல்லி மிட்டாய் மாதிரிங்க டாக்டர். மெலடோனின்னு போட்டிருக்குது. இதாவது குடுக்கலாமுங்களா?"

"சிலருக்கு, அவங்க சாப்பிடற மாத்திரையோட சேத்து, கொஞ்சமா, கொஞ்ச நாளைக்கு நானே எழுதிக்கொடுப்பேன். ஆனா மனச்சோர்வு மாத்திரையில பல வகை இருக்கு. ஒரு வகையோட சேர்ந்தா இந்த மெலடோனின் ரத்தத்துல பலமடங்கு ஏறி நிக்கும். இன்னொரு வகை தானே தூக்கத்தக் குடுக்கும். அதோட இதையும் போட்டா மறுநாள் வண்டி ஓட்டும்போது கண்ணு சொருகும். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒத்துக்கிச்சுங்கறத வெச்சு நீங்க முடிவு பண்ண முடியாது."

"அமுக்கராப் பொடிங்க? நம்ம நாட்டு மருந்துதானே."

"நாட்டு மருந்துன்னாலும் மருந்துதானே. தைராய்டு இருக்கா, கல்லீரல் எப்படி, வேற என்ன சாப்பிடறாங்கன்னு பாக்கணும். எதா இருந்தாலும் வாங்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போடுங்க. நான் திட்டமாட்டேன்."

"இவ திட்டுவா" என்றார் நவநீதகிருஷ்ணன்.

டாக்டர் சிரித்துவிட்டு சாரதாமணியின் பக்கம் திரும்பினார். "சரி, தூக்கம் ஏன் கெட்டுச்சு? மாத்திரைய நைட்ல சாப்பிடறீங்க இல்ல? சிலருக்கு அதாலயே தூக்கம் தள்ளிப்போகும். காலையில சாப்பாட்டுக்கு அப்பறம் மாத்திக்கலாம். ஆனா ஒண்ணரை வருசமா தூங்கிட்டுத்தானே இருந்தீங்க? எப்ப இருந்து வரல?"

சாரதாமணி புடவைத் தலைப்பைச் சுருட்டினாள். கணவனை ஓரக்கண்ணால் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொல்லு சாரதா. இனிமே ஒளிவு மறைவு வேணாம்" என்று நவநீதகிருஷ்ணன் பெருந்தன்மையாகச் சொன்னார்.

"இவரு ரிட்டையராகி வந்ததுல இருந்துங்க."

"அவர் வந்தா ஏன்?"

"கொறட்டைங்க டாக்டர். சாதாரணக் கொறட்டையில்லீங்க. ஷெட்டுல கோழியெல்லாம் முழிச்சுக்குது. சனிக்கெழமை ஒருநா ரெண்டுநான்னா பல்லக் கடிச்சுக்கலாம். தெனமும்னா எப்படீங்க? நடுவால திடீர்னு மூச்சே நின்னு போயிரும். அப்பறம் தொண்டைய அடைச்ச மாதிரி ஒரு சத்தம் போட்டு மறுக்கா ஆரம்பிப்பாரு. மூச்சு வருதா வருதான்னு பாத்துக்கிட்டே நான் ஒக்காந்துருப்பேன்."

நவநீதகிருஷ்ணனின் வாய் திறந்தபடியே நின்றது. "நானா? நான் கொறட்டையே விடமாட்டனே!"

"குவார்ட்டர்ஸ்ல உங்களுக்கு யாருங்க சொல்றது, சொவுத்துப் பல்லியா?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"இத்தன வருசங் கழிச்சு ஊடு வந்து சேந்தீங்க. வந்ததும் வராததுமா படுக்கைய மாத்துங்கன்னு எப்படிச் சொல்றதுன்னுதான்."

மைதிலி டாக்டர் இப்போது சாரதாமணியை விட்டுவிட்டு நவநீதகிருஷ்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். பகலில் உட்கார்ந்தபடியே கண் அசருகிறதா, காலையில் தலை வலிக்கிறதா, ரத்தக் கொதிப்பு உண்டா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் அவர் ஆமாம் என்று தலையாட்டினார். மனைவியின் தூக்கத்தைச் சரிசெய்ய வந்தவர், தூக்கத்தில் மூச்சு நிற்பதற்கான பரிசோதனைக்குத் தன் பெயரில் ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

பரிசோதனையில் சாரதாமணி சொன்னதே உறுதியானது. தூங்கும்போது மூக்கில் மாட்டிக்கொள்ள ஒரு காற்று இயந்திரம் கொடுத்தார்கள். இயந்திரம் என்றதும் நவநீதகிருஷ்ணனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அதன் குழாயைத் தினமும் கழுவிக் காயவைப்பதும், வடிகட்டியைத் தட்டித் துடைப்பதும் அவருடைய நித்திய வேலையாயின. சாரதாமணி மாத்திரையைக் காலைக்கு மாற்றிக்கொண்டாள். படுக்கையை மாற்ற வேண்டியிருக்கவில்லை. பண்ணையில் கோழிகளும் இப்போது நிம்மதியாகத் தூங்குவதாக அவள் மகளிடம் போனில் சொன்னாள்.

சில மாதங்களுக்குப் பிறகு சாரதாமணிக்கு மறுபரிசோதனை நாள் வந்தது. மைதிலி டாக்டரின் காத்திருப்பு அறையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். எதிர் வரிசையில் ஒருவர் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார். நெடுநேரமாகப் பக்கம் புரளவில்லை.

"மணியா!" என்று நவநீதகிருஷ்ணன் கூவினார். பாய்லர் பிரிவில் அவரோடு வேலை பார்த்த மணியன்தான். செய்தித்தாள் இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது. பிறகு வேறு வழியில்லாமல் இறங்கியது.

"அட, நவநீதமா! என்ன இந்தப் பக்கம்?"

"ஊட்டுக்காரிக்கு மனசுக்குக் காட்டறோம். எனக்குத் தூக்கத்துக்கு. நீ?"

அறையே கேட்கும்படி அவர் சொன்னதில் மணியன் வெலவெலத்துப் போனார். "நானா... சும்மாதான். வெயில்ல வந்தனா, உள்ள ஏசி இருக்குதேன்னு..."

"நல்ல ஏசிங்கண்ணா" என்றாள் சாரதாமணி. "நானும் அதுக்குத்தான் மொதல்ல வந்தேன்."

மணியன் அவளைப் பார்த்தார். அவள் முகத்தில் கேலி இருந்தது. கூடவே வேறு ஒன்றும் இருந்தது. அவர் எழுந்து வந்து நவநீதகிருஷ்ணனின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சம்சாரம் போனதுல இருந்து மனசே செரியில்லப்பா. இங்க மாத்திரை குடுத்திருக்காங்க. அதச் சாப்பிடறப்போ, தூக்கத்துக்குன்னு கடையில ஏதோ பவுடர் விக்குதாமே, அதயும் சேத்துச் சாப்பிடலாமா? நீ இதெல்லாம் நிறையப் பாத்து வெச்சிருப்பியே."

நவநீதகிருஷ்ணனின் கண்ணில் பழைய ஒளி ஒன்று வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார். பதில் சொல்ல வாயைத் திறந்தார். சாரதாமணி தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

அவர் வாயை மூடிக்கொண்டார்.

"உள்ள போயி அவங்களக் கேளு மணியா" என்றார். "போகும்போது நாங்களும் கூட வாரோம், வேணும்னா."

மணியன் கையிலிருந்த செய்தித்தாளை மடித்துப் பக்கத்தில் வைத்தார்.